அஞ்சல்வழிக் கல்வியும் திருத்தத் தாளும்

ஆசிரியரை அடைந்து, அவர் வாய்மொழியைச் செவியாற் பருகுதலே கல்வி என்பது நம் முன்னோர் கொள்கை. ஆதலின் அவர்கள் கற்றலைப் ‘பாடம் கேட்டல்’ என்றும், கற்றுப் பெற்ற அறிவைக் ‘கேள்வி’ என்றும் வழங்கினர். பவணந்தி முனிவர் நன்னூற் பொதுப்பாயிரத்துள் பாடஞ் சொல்லும் முறையையும் பாடங் கேட்கும் முறையையும் வேறு வேறாக வகுத்துரைத்திருத்தல் கற்றோர் அறிந்ததே. ஆசிரியர் உரைப்பதைச் செவ்வனே கொண்டாலும் மாணாக்கன் பெறுவது காற்பங்கே என்றும், உடன் பயில்வாரோடு பழகுதலால் மற்றொரு காற்பங்கும், தான் பிறர்க்கு விரித்துரைத்தலால் எஞ்சிய அரைப்பங்கும் கைவரும் என்றும் அவர் கணக்கிடுவர். இப்பங்கீட்டில் எழுத்துக்கும் ஏட்டுக்கும் தனியே இடம் ஒதுக்கப்படவில்லை என்பது நோக்கத்தக்கது.

ஆசிரியர் முகத்தைக் காணாது, அவர் குரலைக் கேளாது, அஞ்சற்காரர் கொணரும் உறையைப் பிரித்துப் பயின்று பட்டம் பெறும் முறை பிற்காலத்தில் உலகெங்கும் பரவியது. இதனை ‘அஞ்சல்வழிக் கல்வி’ என்கிறோம். இக்கல்வி எங்கு, எப்போது, எவரால் தோற்றுவிக்கப்பட்டது என்னும் வினாவுக்கு வரலாற்று நூல்கள் தரும் விடை ஒன்றாக இல்லை. அவ்விடைகளுள் எது பொருந்தும் என்று காண்பதற்கு முன், எதனை அஞ்சல்வழிக் கல்வி என்று கொள்வது என்பதை வரையறுத்தல் வேண்டும். பாடம் அஞ்சலில் சென்றாற் போதுமா? மாணாக்கர் எழுதிய விடை ஆசிரியரிடம் சென்று, திருத்தம் பெற்று, மீண்டும் மாணாக்கர் கைக்கு வருதலும் வேண்டுமா? இவ்வொரு வேறுபாட்டைக் கைக்கொண்டு நோக்கினால் இக்கல்வியின் வரலாறு முழுவதும் வேறொரு வடிவிற் காட்சியளிக்கின்றது.

பலரும் முதற்சான்றாக எடுத்துக்காட்டுவது, 1728-ஆம் ஆண்டு மார்ச்சு 20-ஆம் நாள் வட அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்துச் செய்தித்தாள் ஒன்றில் வெளிவந்த விளம்பரமாகும். கேலப் பிலிப்ஸ் என்னும் சுருக்கெழுத்தாசிரியர், நாட்டுப்புறத்தில் வாழ்வோர் வாரந்தோறும் பாடங்களைத் தருவித்துக்கொண்டால் நகரத்தில் வாழ்வாரைப் போலவே அக்கலையில் தேர்ச்சி பெறலாம் என அதில் அறிவித்திருந்தார். ஆனால் மாணாக்கர் பயிற்சி எழுதி அனுப்ப வேண்டும் என்றோ, அதனைத் தாம் திருத்தித் தருவதாகவோ அவ்விளம்பரத்தில் ஒரு சொல்லும் இல்லை. 1833-இல் சுவீடன் நாட்டு லுண்ட் நகரச் செய்தித்தாளில் வந்த மற்றொரு விளம்பரமும் இத்தகையதே. கட்டுரை எழுதும் கலையை அஞ்சல் வாயிலாகப் பயிலலாம் என்பது மட்டுமே அதனால் அறியக் கிடக்கின்றது. கட்டுரைப் பயிற்சி எனின் திருத்தம் இருந்திருக்கும் என ஊகிக்கலாம். எனினும் ஊகம் சான்றாகாது.

இனி, இவ்விரு முயற்சிகளும் வேரூன்றாமற் போனமைக்குக் காரணம் யாது? ஆசிரியர்க்கு ஆர்வமின்மையன்று, அஞ்சற் கட்டணமே எனலாம். இங்கிலாந்தில் 1840-க்கு முன்னர்க் கடிதத்தின் கட்டணம் அது செல்லும் தொலைவையும், அதில் அடங்கிய தாள்களின் எண்ணிக்கையையும் பொறுத்து அமைந்தது. பெரும்பாலும் கடிதத்தைப் பெறுவோரே அதனைச் செலுத்தினர். இலண்டனிலிருந்து எடின்பரோவுக்குச் செல்லும் ஒற்றைத் தாளுக்கு ஒரு ஷில்லிங்குக்கு மேற்பட்ட கட்டணம் ஆயிற்று. தொழிலாளி ஒருவர் பாடத்துக்கு ஒருமுறையும் திருத்தத்துக்கு ஒருமுறையும் இத்தொகையைக் கொடுத்துப் பயிலுதல் இயலாத செயல். ரோலண்டு ஹில் 1837-இல் வெளியிட்ட அஞ்சற் சீர்திருத்த நூலில், கடிதத்தைச் சுமந்து செல்லும் செலவு மிகச் சிறிது என்றும், தொலைவைக் கணக்கிடுதலும் கட்டணம் தண்டுதலுமே பெருஞ்செலவு விளைப்பன என்றும் நிறுவினார். அதன் பயனாக 1840 சனவரி 10 முதல், அரை அவுன்சு எடைவரையுள்ள கடிதம் நாட்டின் எம்மூலைக்கும் ஒரு பென்னிக்குச் செல்லலாயிற்று. 1839-இல் ஏறத்தாழ 7 கோடியே 60 இலட்சமாக இருந்த கடிதங்களின் தொகை, அடுத்த ஆண்டிலேயே ஏறத்தாழ 16 கோடியே 90 இலட்சமாகப் பெருகியது. கல்வி வரலாற்றில் ரோலண்டு ஹில்லின் பெயர் அருகியே காணப்படுகின்றது. அவர்க்கு உரிய இடம் இதனினும் பெரிது என்பது எம் கருத்து.

இந்த வாய்ப்பை உடனே பற்றிக்கொண்டவர் ஐசக் பிட்மன். 1813-இல் பிறந்து, பள்ளியாசிரியராகப் பணியாற்றியவர். ஒலிகளை அடிப்படையாகக் கொண்ட தம் சுருக்கெழுத்து முறையை 1837-இல் நூலாக வெளியிட்டவர். 1839-இல் பாத் நகரில் குடியேறினார். பென்னி அஞ்சல் தோன்றிய 1840-இலேயே, தம் முறை முழுவதையும் ஒரே தாளில் அடங்குமாறு செதுக்கி அச்சிட்டுப் பென்னி விலைக்கு விற்றார். அத்தாள் அஞ்சல் உறைக்குள் அடங்குமாறு அமைக்கப்பட்டிருந்தது. பயில்வோர் விவிலியப் பகுதிகளைச் சுருக்கெழுத்தில் எழுதி அவர்க்கு அனுப்புவர். அவர் பிழை நீக்கித் திருப்பி அனுப்புவர். இத்திருத்தத்திற்கு அவர் கட்டணம் பெறவில்லை. திருத்த வேண்டிய தாள்கள் ஒருவர் ஆற்றலுக்கு மேற்பட்டுக் குவியவே, கற்றுத் தேர்ந்தோர் பலர் சேர்ந்து அப்பணியைப் பகிர்ந்துகொள்ளுமாறு 1843-இல் ஒரு கழகம் அமைக்கப்பட்டது. பிறர்க்கு உரைப்பதால் அரைப்பங்கு கல்வி நிரம்பும் என்ற பவணந்தியாரின் கணக்கு, பாத் நகரத்திலும் பொய்க்கவில்லை.

ஈண்டு ஒரு பிழையைச் சுட்டுதல் வேண்டும். பிட்மன் தம் பாடங்களை அஞ்சலட்டைகளில் அனுப்பினார் என நூல் பலவற்றிற் காணப்படுகின்றது. அரசு வெளியிட்ட அஞ்சலட்டை உலகில் முதன்முதலாக 1869-இல் ஆஸ்திரியா-அங்கேரியில் தோன்றியது. இங்கிலாந்தில் அது வழக்கிற்கு வந்தது 1870 அக்டோபர் முதல் நாளில். ஆகவே 1840-இல் அவர் அத்தகைய அட்டையைப் பயன்படுத்தியிருத்தல் இயலாது. ஒருவர் எழுதியதை ஆராயாது மற்றவர் எடுத்தெழுதியதன் விளைவு இது.

திருத்தம் மீளுதலை இன்றியமையா இலக்கணமாகக் கொண்டால், சான்றோடு கூடிய முதல் அஞ்சல்வழி ஆசிரியர் பிட்மனே ஆவர். 1856-இல் பெர்லின் நகரில் துசேன், லாங்கன்சைட்டு என்னும் இருவர் பிரெஞ்சு மொழியைப் பயிற்றும் ‘பாடக் கடிதங்களை’ வெளியிட்டனர். ஒலிப்பைக் குறியீடுகளால் விளக்கிய அக்கடிதங்கள் பெரும்புகழ் பெற்றன. ஆயினும் எல்லாம் கடிதத்திலேயே விளக்கப்பட்டிருத்தலின், மாணாக்கர் ஐயம் வினவி எழுதுதலை அவர்கள் பெரிதும் எதிர்பார்க்கவில்லை. பெயரளவில் அவை கடிதங்கள். உண்மையில் பகுதி பகுதியாக வெளிவந்த நூலே.

அமெரிக்காவில் இம்முறை பெண்டிர்க்குப் பயன்பட்ட வரலாறு தனியே கூறத்தக்கது. பாஸ்டனைச் சார்ந்த ஹார்வர்டுப் பல்கலைக்கழகம் பெண்களை மாணாக்கராக ஏற்காதிருந்த காலத்தில், அந்நகரத்து அன்னா எலியட் டிக்னர் என்பார் 1873-இல் ‘இல்லக் கல்வி ஊக்கக் கழகம்’ எனப் பொருள்படும் பெயரால் ஓர் அமைப்பை நிறுவினார். அங்குக் கற்பித்தவருள் பெரும்பாலோரும் பெண்டிரே. ஊதியம் கருதாது பணியாற்றியவர். திங்கள்தோறும் ஆசிரியைக்கும் மாணவிக்கும் இடையே கடிதம் சென்று வரும். மாணவி தான் படித்ததைக் குறிப்பாக எழுதி அனுப்புவாள்; ஆசிரியை அதனைப் படித்து, அவள் தளர்ந்த இடத்தில் ஊக்கியும், தவறிய இடத்தில் திருத்தியும் மறுமொழி வரைவாள். நூல் வாங்க இயலாதார்க்கு அஞ்சல் வழியே நூல்கள் இரவல் தரப்பட்டன. கழகம் பட்டமெதுவும் வழங்கவில்லை. அரசுப் பணிக்கோ ஊதியத்துக்கோ அக்கல்வி வழி திறக்கவில்லை. எனினும் 24 ஆண்டுகளில் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட பெண்டிர் அதிற் பயின்றனர். டிக்னர் 1896-இல் மறைந்தார்; அடுத்த ஆண்டில் கழகமும் முடிவுற்றது. ஒருவர் அன்பை அச்சாகக் கொண்டு சுழன்ற நிறுவனங்கள் அவரோடு நின்றுவிடுதல் நம் நாட்டுத் திண்ணைப் பள்ளி வரலாற்றிலும் காணக்கூடியதே.

இவ்வாறு அன்பினாற் செய்யப்பட்ட பணி பெருவணிகமாக மாறியதைப் பென்சில்வேனியா மாநிலத்துக் ஸ்கிராண்டன் நகரம் காட்டுகின்றது. அது நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த வட்டாரம். 1869 செப்டம்பர் 6-ஆம் நாள் அவ்வட்டாரத்து அவண்டேல் சுரங்கத்தில் தீப்பற்றியது. மேலே வருவதற்கு ஒரே வழி, அவ்வழியே எரிந்தது. 110 பேர் மாண்டனர். அதன்பின் சுரங்கச் சட்டங்கள் படிப்படியாகக் கடுமையாயின. 1885-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, சுரங்க மேற்பார்வையாளர் ஆக விரும்புவோர் தேர்வெழுதித் தகுதிச் சான்று பெறுதல் வேண்டும் என ஆயிற்று. காற்றோட்டம், நச்சுவளி, நிலத்தின் அமைப்பு ஆகியவற்றைப் பற்றிய அறிவு அத்தேர்வுக்கு வேண்டியிருந்தது. பத்து வயதிலேயே சுரங்கத்தில் இறங்கிவிட்டவர் எந்தப் பள்ளிக்குச் சென்று இவற்றைக் கற்க இயலும்?

தாமஸ் பாஸ்டர் என்னும் இதழாசிரியர் சுரங்கத் தொழில் பற்றிய தம் இதழில் வினா-விடைப் பகுதி ஒன்றை நடத்திவந்தார். தொழிலாளர் வினவி எழுத, இதழில் விடை வெளிவரும். வினாக்கள் பெருகவே, அவற்றை ஒழுங்குபட்ட பாடமாக்கி 1891-இல் அஞ்சல்வழிப் பள்ளியைத் தொடங்கினார். கணக்கின் முதற்படியிலிருந்து தொடங்கும் சிறு சிறு பாடப்புத்தகங்கள். ஒவ்வொன்றின் ஈற்றிலும் வினாக்கள். விடை எழுதி அனுப்பித் திருத்தம் பெற்ற பின்னரே அடுத்த புத்தகம் வரும். இதனினும் செம்மையான ஏற்பாட்டை அக்காலத்தில் வேறெங்கும் காண்டல் அரிது. இப்பள்ளி சுரங்கத்தோடு நில்லாது, நீராவி, மின்சாரம், இருப்புப்பாதை, கட்டட வரைவு எனக் கிளைவிட்டுச் சில ஆண்டுகளில் இலட்சக்கணக்கான மாணாக்கரைச் சேர்த்தது.

கேடும் அங்கேயே முளைத்தது. ஊர்தோறும் முகவர் சென்று மாணாக்கரைச் சேர்த்தனர். சேர்ப்பதற்கேற்ப அவர்க்குத் தரகு கிடைத்தது. சேர்ந்தவர் முழுக் கட்டணத்துக்கு உடன்படிக்கை எழுதித் தரல் வேண்டும். இரண்டு மூன்று பாடங்களோடு சோர்ந்து விடுபவரின் கட்டணம் நிறுவனத்துக்கு எஞ்சும். அவர்க்காகத் திருத்த வேண்டிய தாளோ இராது. தொடர்ந்து படிப்பவரே செலவு வைப்பவர்! இந்நிறுவனத்தைப் பின்பற்றி எழுந்த நூற்றுக்கணக்கான பள்ளிகளுள் பல, இக்கணக்கை நன்கு உணர்ந்தே நடந்தன. ஜான் நாப்சிங்கர் என்பார் 1926-இல் வெளியிட்ட ஆய்வு நூல், இத்தகைய பள்ளிகளில் சேர்ந்தவருள் மிகச் சிலரே பாடங்களை முடித்தனர் என்பதை அம்பலப்படுத்தியது. விட்டவர் சோம்பரென்று பழித்தல் எளிது. பத்துமணி நேரம் உழைத்து வீடு திரும்பியவர், விளக்கொளியில் எழுதியனுப்பிய விடைக்கு உரிய காலத்தில் மறுமொழி வாராவிடின் எத்துணை நாள் ஊக்கம் குன்றாதிருப்பார்?

இங்கிலாந்தில் பல்கலைக்கழகம் இத்துறையிற் புகுந்தது வேறொரு வாயிலால். இலண்டன் பல்கலைக்கழகம் 1836-இல் நிறுவப்பட்டபோது கற்பிக்கும் அமைப்பாக அன்றித் தேர்வு நடத்தும் அமைப்பாகவே தோன்றியது. இணைக்கப்பட்ட கல்லூரிகளில் பயின்றவரே அத்தேர்வுகளை எழுதலாம். 1858-இல் பெற்ற புதிய பட்டயத்தால் மருத்துவம் ஒழிந்த ஏனைய துறைகளில் அக்கட்டுப்பாடு நீங்கியது. எங்குப் பயின்றவராயினும், எங்கும் பயிலாதவராயினும் தேர்வெழுதலாம். இஃது அஞ்சல்வழிக் கல்வி அன்று. கல்வியே அன்று எனலும் பொருந்தும். பல்கலைக்கழகம் வினாத்தாளை வழங்கியதேயன்றிப் பாடத்தை வழங்கவில்லை. அவ்விடைவெளியை நிரப்பத் தனியார் முன்வந்தனர். வில்லியம் பிரிக்ஸ் என்பார் 1887-இல் கேம்பிரிட்சில் தொடங்கிய அஞ்சல்வழிக் கல்லூரி அவற்றுட் குறிப்பிடத்தக்கது. பின்னாளிற் புதின ஆசிரியராக உலகப்புகழ் எய்திய எச். ஜி. வெல்ஸ், 1890-இல் இலண்டன் பட்டம் பெற்று, இக்கல்லூரியில் உயிரியல் ஆசிரியராகப் பணியாற்றினார். 1893-இல் வெளிவந்த அவருடைய உயிரியற் பாடநூல் அப்பணியின் விளைவே.

இலண்டன் தேர்வுகள் கடல் கடந்தும் சென்றன. இலங்கையில் 1921-இல் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி மாணாக்கரை இலண்டன் பட்டத்துக்கே ஆயத்தம் செய்தது. 1942-இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றும்வரை அந்நாட்டுத் தமிழருக்கும் சிங்களருக்கும் பட்டத்துக்குரிய பெருவழி அதுவாகவே இருந்தது. தென்னாப்பிரிக்காவில் நெல்சன் மண்டேலா சிறையிலிருந்தவாறே இலண்டன் சட்டப் பட்டத்துக்குப் பயின்றார். அவர் மறைவாக எழுதிய தன்வரலாறு கண்டுபிடிக்கப்பட்டபோது, தண்டனையாக நான்கு ஆண்டுகள் அவருடைய கல்வியுரிமை பறிக்கப்பட்டது. பின்னர்த் தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகத்தின் அஞ்சல்வழிப் பாடத்தாற் பயின்று 1989-இல் சட்டப் பட்டம் பெற்றார்.

இந்திய நாட்டின் நிலையை நோக்குவார்க்கு ஒரு வியப்புத் தோன்றும். குறைந்த கட்டண அஞ்சல் இங்கு மிக முன்னரே வந்துவிட்டது. 1854-ஆம் ஆண்டுச் சட்டத்தால், அவ்வாண்டு அக்டோபர் முதல், கால் தோலா எடையுள்ள கடிதம் நாடெங்கும் அரை அணாவுக்குச் சென்றது. அதற்கு முன் கல்கத்தாவிலிருந்து பம்பாய்க்குச் செல்லும் கடிதத்துக்கு ஒரு ரூபாய் ஆயிற்று. 1877-இல் விலை செலுத்திப் பெறும் அஞ்சலும், 1879-இல் காலணா அஞ்சலட்டையும் வந்தன. ஆயினும் நம் பல்கலைக்கழகங்களுள் முதலாவதாகத் தில்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிப் பாடத்தைத் தொடங்கியது 1962-இல். இடையே 108 ஆண்டுகள்!

இதற்குக் காரணம் வறுமையும் எழுத்தறிவின்மையும் என்று கூறி அமைவர் பலர். அவையும் காரணங்களே. ஆயின், வேறொரு காரணமும் உண்டு. அரை அணா அஞ்சல் தோன்றிய அதே 1854-இல்தான், இந்தியாவிலும் இலண்டனைப் பின்பற்றிப் பல்கலைக்கழகங்கள் அமைத்தல் வேண்டும் எனச் சார்லஸ் உட்டின் கல்வி அறிக்கை பணித்தது. அதன்படி 1857-இல் கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் தோன்றின. அவை பின்பற்றிய இலண்டன், 1836-ஆம் ஆண்டு இலண்டன். அடுத்த ஆண்டே அப்பல்கலைக்கழகம் தன் கதவைத் திறந்துவிட்டது. அதன் படிவமாகிய நம் பல்கலைக்கழகங்களோ, கல்லூரி வருகைச் சான்று இன்றேல் தேர்வில்லை என்னும் பழைய விதியைப் பற்றி நின்றன. மூலம் திருந்திய பின்னும் படி திருந்தாதிருத்தல் சுவடி ஆராய்வார்க்குப் புதிதன்று. ஆசிரியத் தொழில் புரிவோர்க்கும் பெண்டிர்க்கும் பின்னாளிற் சிற்சில விலக்குகள் தரப்பட்டனவாயினும், பொதுவிதி அவ்வாறே நீடித்தது.

அவ்விதிக்குப் புறம்பாய் இருந்த ஒரு சிறு வாயில் தமிழ்த்துறையினர்க்கு நன்கு தெரிந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் வித்துவான் தேர்வைத் தனியே பயின்றும் எழுத முடிந்தது. அவ்வாயிலால் வந்தவருள் ஒருவர் மு. வரதராசனார். திருப்பத்தூரில் வட்ட அலுவலகத்தில் எழுத்தராக இருந்து, உடல்நலங் குன்றி அவ்வேலையை விட்டவர், தமிழைத் தனியே பயின்று 1935-இல் வித்துவான் தேர்வில் மாநிலத்தில் முதல்வராகத் தேறினார். அவர்க்கு முருகைய முதலியாரைப் போன்ற நல்லாசிரியர் துணை அருகிலேயே இருந்தது. அத்தகைய துணை இல்லாத ஊர்களில் நன்னூலையும் காரிகையையும் தாமே உருவிட்டு, தம் பிழை இன்னதென்று கூறுவாரின்றித் தோல்வியுற்றவர் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

1961-இல் தௌலத் சிங் கோத்தாரி தலைமையில் அமைந்த வல்லுநர் குழுவின் பரிந்துரைப்படியே தில்லியில் அஞ்சல்வழிக் கல்வி தொடங்கியது. அவர் தலைமையிலேயே 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கல்விக்குழு, 1986-க்குள் உயர்கல்வி மாணாக்கருள் மூன்றிலொரு பங்கினர் மாலைக் கல்லூரிகளிலும் அஞ்சல்வழியிலும் பயிலக்கூடும் எனக் கருதியது. தமிழ்நாட்டில் முதலில் இதனை மேற்கொண்டது மதுரைப் பல்கலைக்கழகம், ஆண்டு 1971. அவ்வாண்டில் அங்குத் துணைவேந்தராகப் பொறுப்பேற்றவர் மேற்கூறிய மு. வரதராசனாரே. 1974-இல் மறையும்வரை அவர் அப்பொறுப்பில் இருந்தார். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979-இலும், சென்னைப் பல்கலைக்கழகம் 1981-இலும் இத்துறையிற் புகுந்தன. தொடக்கப்பள்ளி ஆசிரியர், அஞ்சல் எழுத்தர், திருமணத்தாற் கல்வி இடையற்ற மகளிர், படைவீரர் எனப் பல்லாயிரவர் இவற்றாற் பட்டம் பெற்றனர். கல்லூரி வாயிலை மிதித்தறியாத குடும்பங்களில் முதற் பட்டதாரியை உண்டாக்கியது பல ஊர்களில் இவ்வஞ்சல் உறையே என்பதை மறுத்தல் இயலாது.

ஆனால் நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினாவை இங்கும் எழுப்புதல் வேண்டும்: திருத்தம் மீண்டு வந்ததா? பாடத்தொகுதியோடு விடையெழுதும் தாள்களும் அனுப்பும் வழக்கம் தொடக்கத்தில் பரவலாக இருந்தது. மாணாக்கர் தொகை ஆயிரங்களைக் கடந்தபோது, திருத்துவோர் தொகை அதற்கேற்பப் பெருகவில்லை. விடை எழுதியனுப்புதல் பல நிறுவனங்களில் மாணாக்கர் விருப்பத்துக்கு விடப்பட்டது. விருப்பத்துக்கு விடப்பட்டது விரைவில் வழக்கொழிந்தது. அஞ்சல்வழிக் கட்டணத்தின் மிச்சம் பல்கலைக்கழகத்தின் பிற துறைகளைப் புரக்கும் பொருளாகவும் பயன்பட்டது. ஸ்கிராண்டன் முகவரின் கணக்கு வேறு உருவில், நல்ல நோக்கத்தின் பெயராலேயே, இங்கும் புகுந்துவிட்டது என்று கூறுதல் கடுமையாகத் தோன்றலாம். ஆயின் உண்மை அதுவே. விடுமுறை நாட்களில் நடைபெற்ற நேர்முக வகுப்புகள், உடன் பயில்வாராற் பெறும் காற்பங்கை ஓரளவு ஈடுசெய்தன. ஆசிரியர்க்குரிய காற்பங்கோ அச்சடித்த தாளளவில் நின்றது. 1858-ஆம் ஆண்டு இலண்டனைப் போலத் தேர்வு மட்டுமே எஞ்சியது. பிரிக்ஸின் கல்லூரி செய்த பணியை வழிகாட்டி நூல் விற்போர் மேற்கொண்டனர்.

1985-இல் நிறுவப்பட்ட இந்திராகாந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இக்குறையை உணர்ந்தே, ஆசிரியர் திருத்தித் தரும் ஒப்படைப்புகளைப் பாடத்தின் உறுப்பாக்கியது. பெரும்பாலான பாடங்களில் அவற்றுக்கு நூற்றுக்கு 30 மதிப்பெண் ஒதுக்கப்பட்டது. ஒப்படைப்பு எழுதாதவர் தேர்ச்சி பெறுதல் இல்லை. திருத்துவோர் தாளின் ஓரத்தில் விரிவான குறிப்பு எழுத வேண்டும் என்பது அதன் விதி. பயிற்சி மையங்களிலிருந்து திரும்பி வந்த தாள்களுள், மதிப்பெண்ணைத் தவிர ஓரத்தில் வேறு எழுத்தும் பெற்று வந்தவை எத்துணை என்பதை, அவற்றைப் பாதுகாத்து வைத்திருக்கும் மாணாக்கரிடமிருந்து திரட்டி ஆராய்தல் கூடும்.